பீப் சத்தத்தை நம்புவதா, பிரித்துப்போட்டுப் பார்ப்பதா?

புது மதர்போர்டைப் பூட்டி, வயர்களையெல்லாம் செருகி, பொத்தானை அழுத்துகிறீர்கள். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருண்டு கிடக்கிறது. உள்ளிருந்து நீளமாக ஒரு பீப், பின்னாலேயே இரண்டு குட்டி பீப். இதைவிட எரிச்சலூட்டும் இன்னொரு வகையும் உண்டு. எல்லாம் ஒழுங்காக வந்து, அரைமணி நேரம் ஓடிவிட்டு, மவுஸ் அம்பு நகராமல் திரை அப்படியே உறைந்து நின்றுவிடும். என் மேசையில் ஒரே போர்டு ஒரே வாரத்தில் இந்த இரண்டு வேலையையும் காட்டியது. குற்றவாளி போர்டுதான் என்று முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டேன். அது தவறான தீர்ப்பு என்று தெரிந்துகொள்ள ஐந்து நாள் ஆனது.

அந்த ஐந்து நாளில், பழுது கண்டுபிடிக்க வழக்கமாகச் சொல்லப்படும் எல்லா வழிகளையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். சத்தத்தை எண்ணுவது, போர்டில் எரியும் விளக்கைப் படிப்பது, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எலும்புக்கூடாக இயக்குவது, வேறு பாகங்களை மாற்றிப் போடுவது, மென்பொருளால் சோதிப்பது. இவற்றில் எது மேல் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. திரை வருவதற்கு முன் தொல்லையா, வந்த பிறகு தொல்லையா என்பதைப் பொறுத்து வரிசையே தலைகீழாகிவிடும்.

முதலில் பீப். கணினியை இயக்கியதும் பயாஸ், அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள், ஒரு சுய பரிசோதனையை நடத்துகிறது. செயலி இருக்கிறதா, ராம் என்கிற நினைவகம் பதில் சொல்கிறதா, படம் காட்ட ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். திரையே உயிர்பெறாத நிலையில் குறையைச் சொல்ல அதற்கு இருக்கும் வாய் அந்தச் சின்ன ஸ்பீக்கர்தான். ஆனால், அது பேசும் மொழி ஒன்றல்ல; அவார்ட், ஏஎம்ஐ, ஃபீனிக்ஸ் என்று பயாஸ் எழுதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவார்ட் பயாஸில் ஒரு நெடிலும் இரண்டு குறிலும் வந்தால் கிராஃபிக்ஸ் கார்டில் கோளாறு. தற்காலப் போர்டுகள் சிலவற்றின் கையேட்டில் அதே சத்தத்துக்கு ‘ராம் தென்படவில்லை’ என்று பொருள். பழைய ஏஎம்ஐ பயாஸ் எண்ணிக்கையில் பேசும்: மூன்று என்றால் நினைவகம், ஐந்து என்றால் செயலி, எட்டு என்றால் திரை நினைவகம். ஃபீனிக்ஸ் இடைவெளி விட்டு விட்டுக் கொத்துக் கொத்தாக ஒலிக்கும்.

நான் இந்தக் குழியில்தான் விழுந்தேன். இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட பட்டியல் அவார்டுக்கானது. அதை நம்பி அரை நாள் முழுக்க கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பெட்டியோடு வந்த கையேட்டை மாலையில் திறந்தபோது அதில் ராம் என்று இருந்தது. பீப் பட்டியல் தேடுகிறவர்கள் போர்டின் மாடல் எண்ணோடு தேட வேண்டும். மற்றப் பட்டியல்கள் அனைத்தும் வேறொருவருடைய ஜாதகம்.

எண்ணுவதிலும் சிக்கல் உண்டு. சத்தம் திரும்பத் திரும்ப வருவதால் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குழம்பும். கைபேசியில் பதிவு செய்து இரண்டு முறை கேட்டால் இடைவெளி பிடிபட்டுவிடும். எல்லா பீப்பும் கோளாறைச் சொல்வதும் அல்ல. பல போர்டுகள் பரிசோதனை நல்லபடியாக முடிந்ததற்கு ஒரே ஒரு குட்டி பீப் கொடுக்கும். யுஎஸ்பி கருவிகளைக் கண்டதற்கு ஒலிக்கும் போர்டுகளும் உண்டு. இன்னொன்று, இன்றைய போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரே கிடையாது. நான்கு ஊசி இணைப்பு மட்டும் இருக்கும், சின்ன ஸ்பீக்கரைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். ஆகவே சத்தம் வரவில்லை என்பதால் ராமும் செயலியும் நலமாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ள முடியாது.

விளக்கு இந்த மொழிக் குழப்பத்தைத் தீர்த்து வைக்கிறது. சிபியு (செயலி), டிராம் (ராம்), விஜிஏ (படம் காட்டும் பகுதி), பூட் (இயங்குதளத்தைத் தொடங்குவது) என்று பெயர் போட்ட நான்கு சிறு விளக்குகள் இன்றைய போர்டுகள் பலவற்றின் ஓரத்தில் இருக்கும். பரிசோதனை எந்தக் கட்டத்தில் நின்றதோ அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பட்டியல் வேண்டாம், எண்ண வேண்டாம். பீப்புக்கும் இதற்கும் போட்டி வைத்தால் நான் விளக்கின் பக்கம்தான். உயர்வகைப் போர்டுகளில் இரண்டு இலக்கக் குறியீடே வரும். ஏஎம்ஐ வழி வந்த பயாஸ்களில் 55 என்று நின்றால் ராம் கிடைக்கவில்லை என்று பொருள்.

ஆனால் விளக்கு ‘எங்கே’ என்றுதான் சொல்லும், ‘ஏன்’ என்று சொல்லாது. டிராம் விளக்கு எரிந்தால் ராம் பழுது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நினைவகத்தை ஆளும் பகுதி இப்போது செயலிக்குள்ளேயே இருக்கிறது. செயலி உட்காரும் சாக்கெட்டில் ஓர் ஊசி வளைந்திருந்தாலோ, செயலியின் சூட்டைத் தணிக்கும் கூலரை ஒருபக்கமாக முறுக்கி இறுக்கியிருந்தாலோகூட அதே விளக்குதான் எரியும். டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ராம் போட்டவர்களுக்கு இன்னும் ஒரு பொறி வைத்திருக்கிறது இந்த விளக்கு. முதல்முறை இயக்கும்போது போர்டு ராமோடு பழகி நேரக் கணக்குகளை அமைத்துக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கலாம். அதுவரை திரை கறுப்பு, டிராம் விளக்கு எரிந்தபடி. பொறுமையிழந்து மின்சாரத்தை வெட்டினால் அடுத்த முறை ஆதியிலிருந்து தொடங்கும். கால்மணி நேரம் அதைத் தொடாமல் விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதே உத்தமம். பூட் விளக்கு மட்டும் எரிந்தால் பெரிதாகக் கவலை வேண்டாம். இயங்குதளம் இன்னும் ஏற்றப்படவில்லை, அல்லது அது இருக்கும் டிஸ்க் தென்படவில்லை.

சத்தமும் விளக்கும் தகவல் சொல்பவை. எலும்புக்கூடு முறை வேறு இனம். சந்தேகத்துக்கு இடமானவற்றையெல்லாம் வெளியே எடுத்துவிடுகிறது. போர்டைக் கேபினட்டிலிருந்து கழற்றி அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் கிடத்துங்கள். செயலி, கூலர், ஒரே ஒரு ராம், 24 ஊசி மின்கம்பி, செயலிக்கான 8 ஊசி மின்கம்பி. செயலியில் கிராஃபிக்ஸ் இல்லையென்றால் மட்டும் கார்டு. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பொத்தான்கூட வேண்டாம், அதற்கான இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் போதும். விசிறி சுற்றியும் ஒன்றும் வராத புதுக் கணினிகளில் அந்த 8 ஊசிக் கம்பியை மாட்ட மறந்திருப்பது சர்வ சாதாரணம்.

என் போர்டைக் கிடத்தியபோதுதான் விஷயம் வெளிவந்தது. ராம் செருகும் பள்ளத்தில் ஒருபக்கம் மட்டுமே கொக்கி இருந்தது. கொக்கிப் பக்கம் ‘டக்’ என்று கேட்டதால் உட்கார்ந்துவிட்டது என்று நம்பியிருந்தேன். கேபினட்டுக்குள் இருந்தவரை மறுமுனையை கிராஃபிக்ஸ் கார்டு மறைத்திருந்தது. வெளிச்சத்தில் குனிந்து பக்கவாட்டில் பார்த்தபோது, அந்த முனையில் தங்கநிறக் கோடு ஒன்று மெல்லியதாகத் தெரிந்தது. உள்ளே போயிருக்க வேண்டிய பல் அது. கட்டைவிரலால் அழுத்தினேன், இன்னொரு ‘டக்’. பீப் அன்றோடு நின்றது.

ஒரே ராமைப் போடும்போது எந்தப் பள்ளம் என்பதும் முக்கியம். நான்கு பள்ளமுள்ள போர்டுகளில் பொதுவாகச் செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவது, அதாவது ஏ2. இரண்டு ராம் என்றால் ஏ2, பி2. பெரும்பாலான போர்டுகளில் செயலியிலிருந்து ராமுக்கு ஏ, பி என்று இரண்டு மின்தடங்கள் வரும்; ஒவ்வொரு தடமும் தன் முதல் பள்ளத்தைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதில் போய் முடிகிறது. கடைசிப் பள்ளத்தைக் காலியாக விட்டால் மின்சமிக்ஞை அந்த வெற்று வாலில் மோதித் திரும்பி வந்து தொல்லை கொடுக்கும்.

வெளியே நன்றாக ஓடி, கேபினட்டுக்குள் போனதும் செத்துவிட்டால்? போர்டுக்கு அடியில் பாருங்கள். ஸ்டாண்ட்-ஆஃப் என்கிற பித்தளைத் தாங்கிகளில் ஒன்று துளையில்லாத இடத்தில் நின்று போர்டின் பின்புறத்தை முட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கோளாறை எந்த பீப்பும் எந்த விளக்கும் சொல்லாது.

பாகம் மாற்றிப் பார்க்கும் முறை கேட்பதற்கு எளிது. நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த இன்னொரு ராம், இன்னொரு பவர் சப்ளை கையில் இருந்தால் விரைவாக முடிந்துவிடும். பெரும்பாலோரிடம் இருப்பதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கழற்றி மாட்டும் கம்பிகள் கொண்ட பவர் சப்ளையை மாற்றும்போது பழையதின் கம்பிகளைப் புதியதில் செருகாதீர்கள். முனை பொருந்தும், ஆனால் உள்ளே மின்னழுத்த வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறு. நல்ல டிஸ்க்குகள் அதில் கருகிப்போகும்.

இனி உறைதல். திரை வந்த பிறகு நின்றுபோகும் கணினிக்குப் பீப்பால் அநேகமாக ஒரு பயனும் இல்லை, விளக்குகளும் அணைந்திருக்கும். ஒரே விதிவிலக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏறி இறங்கி மாறி மாறி ஒலிக்கும் சங்கு. அது பெரும்பாலும் சூட்டின் எச்சரிக்கை. பயாஸுக்குள் சென்று வெப்பநிலையைப் பாருங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 90 டிகிரியை நோக்கி ஏறினால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது அதன் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், அனுபவசாலிகளும் செய்வதுதான்.

சூடு இல்லையென்றால் மென்பொருள் முறையின் முறை வருகிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் ‘கெர்னல்-பவர் 41’ என்று இருப்பதைப் பார்த்துப் பவர் சப்ளையை மாற்றியவர்கள் ஏராளம். அது சொல்வதெல்லாம் கணினி முறையாக மூடப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதுதான், காரணத்தைச் சொல்வதில்லை. அதே பதிவில் ‘வீயா-லாகர்’ பிழைகள் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு, வன்பொருள் தானே புகார் கொடுத்திருக்கிறது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை யுஎஸ்பியிலிருந்து இயக்கி இரவு முழுக்க ஓடவிடலாம். ஒரு பிழை வந்தாலும் பிழைதான்.

என் உறைதலுக்குக் காரணம் அங்கே கிடைத்தது. நான்கு ராமையும் போட்டு எக்ஸ்எம்பியை இயக்கியிருந்தேன். அது ராமை அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டும் அமைப்பு. பெட்டியில் அச்சிட்ட வேகம் அதில்தான் கிடைக்கும். இரண்டிரண்டாகச் சோதித்தபோது பிழை இல்லை. நான்கையும் சேர்த்தால் பிழை கொட்டியது. தனித்தனியாக வாங்கிய இரண்டு ஜோடிகள், நான்கு சேர்ந்தால் செயலியின் நினைவகப் பகுதிக்குச் சுமை அதிகம். வேகத்தை ஒருபடி குறைத்தேன். அதன் பிறகு உறையவில்லை. இரண்டு குற்றங்களிலும் போர்டு நிரபராதி.

செயலியும் சந்தேகப் பட்டியலில் இருக்கட்டும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகளில் மின்னழுத்தத்தால் நிலைதடுமாறும் கோளாறு 2024இல் ஒப்புக்கொள்ளப்பட்டு, அந்த ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோகோடு (செயலிக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தம் வந்தது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. திருத்தம் வந்துசேர்வது பயாஸ் புதுப்பிப்பு வழியாக. உறையும் கணினியில் பயாஸைப் புதுப்பிப்பது நடுவழியில் நின்றுபோகும் அபாயம் உள்ள வேலை. போர்டின் பின்புறம் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருந்தால் ராமோ செயலியோ இல்லாமலே, ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவிலிருந்து புதுப்பித்துவிடலாம். இரண்டில் அதையே தேர்வேன்.

திரை வராதவர்கள் விளக்கைப் பார்த்துவிட்டு நேராக எலும்புக்கூட்டுக்குச் செல்லலாம். பீப் கேட்டால் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். உறைகிறவர்கள் பயாஸை இயல்பு நிலைக்குத் திருப்பி, ஒரே ராமோடு ஒரு நாள் ஓட்டிவிட்டு மெம்டெஸ்டுக்குப் போகலாம். இத்தனையும் தாண்டி அட்டைப் பெட்டியின் மேலும் போர்டு அதே பல்லவியைப் பாடினால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அனுப்பும் முன் சாக்கெட்டின் ஊசிகளை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு, முதல் நாள் கழற்றிப்போட்ட அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தேடி அதன்மேல் மாட்டுங்கள். மூடி இல்லாமல் வந்த போர்டையும் ஊசி வளைந்த போர்டையும் உத்தரவாதத்தில் ஏற்க மறுப்பது வழக்கம். என் மூடி குப்பைக்கூடையின் அடியில், உரித்த பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையில் கிடந்தது.