கேட்டு அனுப்புவதா, அனுப்பிக்கொண்டே அணைக்கச் சொல்வதா?

நாகர்கோவிலில் நாலைந்து பேர் சேர்ந்து பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரி, தோவாளையில் பூக்கடை, குளச்சலில் மீன் மொத்த வியாபாரம், களியக்காவிளையில் பலசரக்குக் கடை என்று 60 இடங்களில் அது ஓடுகிறது. எந்த வசதியை யார் தொடுகிறார்கள், எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று தெரியாமல் அடுத்த வெர்ஷன் எழுதுவது இருட்டில் துழாவுவதுதான். ஆகவே டெலிமெட்ரி தேவை, அதாவது எது எப்படிப் பயன்படுகிறது என்று சாஃப்ட்வேரே எண்ணி, எழுதியவருக்கு அனுப்பும் ஏற்பாடு. அதை எந்த முறையில் வைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு வழி.

முதல் வழி, தானாகவே அனுப்புவது, வேண்டாதவர் அணைத்துக்கொள்வது. மேக்கில் சாஃப்ட்வேர் நிறுவ உதவும் ஹோம்புரூ, மைக்ரோசாஃப்ட்டின் புரோகிராமர் கருவியான டாட்நெட் கமாண்ட் லைன் இரண்டும் இப்படித்தான். முதல் முறை ஓடும்போது ஓர் அறிவிப்பு வரும். ஹோம்புரூவில் ‘புரூ அனலிடிக்ஸ் ஆஃப்’ என்று ஒரு வரி கொடுத்தால் நின்றுவிடும். டாட்நெட்டில் ஆப்ட்அவுட் என்று முடியும் என்வைரன்மென்ட் வேரியபிளை, அதாவது புரோகிராம்கள் படித்துக்கொள்ளும் ஓர் அமைப்பு மதிப்பை, 1 ஆக்க வேண்டும். இதில் பலரும் சறுக்குவார்கள்: விண்டோஸில் செட்எக்ஸ் கமாண்டால் வைத்த மதிப்பு, ஏற்கெனவே திறந்திருக்கும் கமாண்ட் ஜன்னலுக்கு வராது, புதிதாகத் திறப்பதற்குத்தான் வரும். அதுவும் அந்த ஒரு யூசர் அக்கவுண்டுக்கு மட்டும். புரோகிராமருக்கே இந்தச் சிக்கல் என்றால் கடை கவுண்டரில் இருப்பவர் என்ன செய்வார்? எண்ணிக்கை நிறையக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது தெளிவாக ‘சரி’ என்று காட்டும் ஒரு செயலாக இருக்க வேண்டும் என்கிறது. ஆளை அடையாளம் காட்டும் எதையாவது அனுப்பினால், அணைக்காமல் விட்டதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது வழி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனுடையது. பாப்புலாரிட்டி கான்டெஸ்ட் என்ற அதன் புரோகிராம், இன்ஸ்டால் செய்யும்போது ஒரு கேள்வி கேட்கும்; ‘வேண்டாம்’ என்பதுதான் முன்பே தேர்வாகி இருக்கும். ஒப்புக்கொண்டால் எந்தப் பேக்கேஜ்கள் (நிறுவிய சாஃப்ட்வேர்கள்) இருக்கின்றன, எவை சமீபத்தில் பயன்பட்டன என்று வாரம் ஒருமுறை அனுப்பும். ஃபைல் கடைசியாக எப்போது படிக்கப்பட்டது என்ற நேரத்தை வைத்தே அது பயன்பாட்டைக் கணிக்கிறது. படித்த நேரத்தைக் குறிக்காத நோ-ஏடைம் அமைப்பில் டிஸ்க் இருந்தால் அந்த நேரம் மாறவே மாறாது, கணிப்பும் தவறிவிடும். நேர்மையான முறைதான். ஆனால் நம் கடைகளில் இன்ஸ்டால் செய்வது சர்வீஸ் ஆள். அவர் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிவிட்டுப் போய்விடுவார். பில் போடுகிற பெண்ணுக்கோ கடை முதலாளிக்கோ அப்படி ஒரு கேள்வி வந்ததே தெரியாது. கேள்வி கேட்கப்பட்டது, கேட்க வேண்டியவரிடம் அல்ல.

மூன்றாவது, லினக்ஸின் திரை அமைப்புகளில் ஒன்றான கேடிஈ பிளாஸ்மாவின் வழி. 5.18 வெர்ஷன் முதல் அது படிப்படியாக நகர்த்தும் ஸ்லைடர் வைத்திருக்கிறது. எல்லாம் அணைந்த நிலையில் தொடங்கும். ஒவ்வொரு படியிலும் என்ன போகும் என்று எழுதிக் காட்டும். கடைக்கு இத்தனை படி அதிகம், ஆனால் எழுதிக் காட்டும் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, கோ என்ற புரோகிராமிங் மொழியின் வழி. 2023 பிப்ரவரியில் வந்த முதல் முன்மொழிவில் தானாக அனுப்புவதாகத்தான் இருந்தது. எதிர்ப்பு பலமாக வந்ததும் மாற்றினார்கள். 2024 ஆகஸ்டில் வந்த கோ 1.23-இல் ஆன், லோக்கல், ஆஃப் என்று மூன்று நிலை. தொடக்கத்தில் இருப்பது லோக்கல். எண்ணிக்கைகள் அந்தக் கணினியிலேயே சேரும், வெளியே போகாது. தனியாகக் கிடைக்கும் ஒரு கருவியால் அவற்றை பிரவுசரில் திறந்து பார்க்கலாம். பிறகு விரும்பினால் ஆன் செய்யலாம்.

நம் 60 கடைகளுக்கு இதுதான் சரி. கரண்டும் நெட்டும் போய் வந்தாலும் எண்ணிக்கை கணினியில் பத்திரமாக இருக்கும். எதை அனுப்பப் போகிறோம் என்று வெறும் வாக்குறுதியாகச் சொல்லாமல், சேர்ந்திருப்பதையே திறந்து காட்டிக் கேட்கலாம். அதனால் கேள்வியை இன்ஸ்டாலில் வைக்காதீர்கள். 15 நாள் கழித்து, நாள் கணக்கு முடிக்கும் திரையில் வையுங்கள். முதலாளி உட்காரும் நேரம் அது. ‘அனுப்பு’, ‘வேண்டாம்’ இரண்டு பொத்தானும் ஒரே அளவு, ஒரே நிறம். அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் அறிவிப்பைப் படிக்க வழி வேண்டும் என்கிறது மேலே சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டம். களியக்காவிளைப் பக்கம் மலையாளம் இல்லாமல் சரிவராது. அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, சம்மதம் பற்றிய கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். இப்போதே எழுதிவிடுவது நல்லது.

பெரும்பாலும் கோட்டை விடுவது எரர் செய்தியில். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 1062 எரர், இரண்டாம் முறையாக வந்த மதிப்பையே செய்திக்குள் போட்டுத் தரும். அது வாடிக்கையாளரின் போன் நம்பராக இருக்கலாம். 1062 என்ற எண்ணை மட்டும் அனுப்புங்கள். கிராஷ் ரிப்போர்ட்டில் வரும் ஃபைல் பாதையில் விண்டோஸ் யூசர் ஃபோல்டரின் பெயர் இருக்கும், பல கடைகளில் அது முதலாளியின் பெயரேதான். ரிப்போர்ட்டுகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் ஆக்சஸ் லாக் (வந்துபோனவர் பதிவு), நீங்கள் கேட்காமலே ஐபி முகவரியை எழுதி வைக்கும். ரிப்போர்ட் வந்து சேரும் இணைய முகவரிக்கு மட்டும் லாகை அணைத்துவிடுங்கள். ‘தோவாளை, பூக்கடை, விண்டோஸ் 7’ என்று மூன்று விவரம் சேர்ந்தாலே எந்தக் கடை என்று ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். ஆகவே ஊர் வேண்டாம், பின்கோடும் வேண்டாம்.

சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் அதே திரையில், அதே ஒரு கிளிக்கில் இருக்க வேண்டும். அனுப்பக் காத்திருக்கும் ரிப்போர்ட்டுகளையும் அப்போதே அழிக்க வேண்டும். இதை மறந்தால் ‘வேண்டாம்’ என்ற பிறகு ஒரு வாரத் தரவு போய்விடும். பதிலைப் புரோகிராம் ஃபோல்டருக்குள் வைத்தால் ரீ-இன்ஸ்டாலில் அழிந்துபோகும். வெளியே, அறிவிப்பின் வெர்ஷன் எண்ணோடு சேர்த்து வையுங்கள். புதிதாக ஒன்றை எண்ணத் தொடங்கினால் மறுபடி கேளுங்கள்.

இந்த வழியின் விலை, ஆள் குறைவு. 60-இல் 9 கடை ஒப்புக்கொண்டு, அதில் 3-இல் விண்டோஸ் 7 இருந்தால், மொத்தத்தில் 20 என்று கணக்குப் போடாதீர்கள். ஒப்புக்கொண்டவர்கள் மற்றவர்களைப் போன்றவர்கள் அல்ல. எரர் எங்கே வருகிறது என்று அறிய அந்த 9 போதும். எத்தனை கடையில் எது இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மீதி 51 கடைக்கும் போன் போட்டுக் கேட்பதுதான் வழி.