சிலிகான் என்று பிவிசி குழாயை விற்றார்கள்: வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் வீட்டுத் தேவைக்குப் பீர் காய்ச்ச 1978-இல் சட்டம் இடம் கொடுத்தது. அதற்கான சாமான் விற்கும் கடைகள் இன்று ஏராளம். பெரும்பாலானவர்கள் நல்லவர்கள்; கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். நான் மாட்டியது வேறு ரகம்.

காய்ச்சிய வோர்ட்டை, அதாவது பீராக நொதிக்கும் முன் இருக்கும் இனிப்பான தானியச் சாற்றை, காய்ச்சும் கெட்டிலிலிருந்து நொதிக்கவைக்கும் ஃபெர்மென்டருக்கு மாற்றும் முழு செட் என்று ஓர் ஆன்லைன் கடையில் வாங்கினேன். மேக்னட் பம்ப், கொதிநிலை தாங்கும் சிலிகான் குழாய், மூன்று பாகமாகக் கழற்றிக் கழுவக்கூடிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பால் வால்வு (உள்ளே ஓர் உருண்டை திரும்பித் திறந்து மூடுவது). விளம்பரத்தில் இருந்தது இவ்வளவும்.

காய்ச்சி முடிக்கும் தறுவாயில், கொதிக்கும் வோர்ட்டைப் பத்து நிமிடம் பம்ப், குழாய், வோர்ட்டை ஆறவைக்கும் சில்லர் வழியாகச் சுற்றவிடுவது வழக்கம். உள்ளே இருக்கும் கிருமி செத்துவிடும். அன்று சுற்றவிட்ட கொஞ்ச நேரத்திலேயே ஓட்டம் நின்றுவிட்டது. பம்ப் வெறுமனே கத்துகிறது. குனிந்து பார்த்தால், கெட்டிலுக்கும் பம்புக்கும் நடுவே குழாய் துவண்டு, பம்ப் இழுத்த இழுப்பில் தட்டையாக ஒட்டிக்கிடக்கிறது. கூடவே புது ரெக்சின் பையைப் பிரித்த மாதிரி ஒரு வாடை. அந்த வாடை வோர்ட்டிலும் ஏறியிருந்தது. 19 லிட்டரையும் கீழே கொட்டினேன்.

கடைக்குப் போன் செய்தால், "ஹாப்ஸ் அடைத்திருக்கும், ஃபில்டரைக் கழுவுங்கள்" என்றார்கள். (ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ.) ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னதை அவர்கள் காதில் வாங்கவே இல்லை. குழாயில் ஒரு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து, வெளியே வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். சிலிகான் எரிந்தால் வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். இது கரும்புகை கக்கி, மூக்கைத் துளைக்கும் நெடியோடு கரியானது. சுத்தமான பிவிசி. கொளுத்தாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம்: கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள், சிலிகான் பெரும்பாலும் பால் கலந்தாற்போல் மங்கலாகத்தான் இருக்கும்.

குழாயை மாற்றிவிட்டு மறுபடி காய்ச்சினேன். இந்த முறை ஓட்டம் நன்றாக இருந்தது, ஆனால் பீர் புளித்துவிட்டது. வால்வைக் கழற்றலாம் என்று எடுத்தால், மூன்று பாக வால்வின் உடம்பைச் சுற்றி இருக்க வேண்டிய போல்ட்டுகளே இல்லை. இரண்டு பாகத்தை இறுக்கி முடுக்கிய மலிவு வால்வு. வைஸில் பிடித்துத் திருகித்தான் திறக்க முடிந்தது. உருண்டைக்குப் பின்னால், விளிம்பைச் சுற்றி, பழுப்பாகப் பிசுபிசுவென்று பழைய வோர்ட். கிட்டே கொண்டுபோனால் குமட்டல். ஆறிய வோர்ட் அத்தனையும் அதைத் தொட்டுக்கொண்டுதான் ஃபெர்மென்டருக்குப் போயிருக்கிறது. பீரைப் புளிக்கவைத்தது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செட்டோடு வந்த குறிப்புத் தாளும் தப்பு. ஓட்டத்தைக் குறைக்க கெட்டில் வால்வைத் திருகச் சொல்கிறது. அப்படிச் செய்தால் பம்புக்கு வோர்ட் போதாமல் காற்றும் ஆவியும் சேர்ந்து ஓட்டம் அறுந்துவிடும். கெட்டில் வால்வை முழுக்கத் திறந்து வைத்து, பம்பின் வெளிவாயில் பக்கம்தான் குறைக்க வேண்டும். மேக்னட் பம்பில் மோட்டார் நேரடியாக விசிறியைச் சுற்றுவதில்லை, காந்தம்தான் சுற்றுகிறது. விசிறியால் தள்ளும் பம்ப் என்பதால் வெளிவாயிலைக் கொஞ்ச நேரம் அடைத்தாலும் கெடாது. இந்த வகைப் பம்ப் தானாக இழுத்துக்கொள்ளவும் செய்யாது. கெட்டிலுக்குக் கீழே வைத்து, வோர்ட் தானாக இறங்கி நிரம்பிய பிறகுதான் போட வேண்டும்.

ஏற்கெனவே செட் வைத்திருப்பவர்களுக்கு ஓட்டம் நின்றால், முதலில் இழுக்கும் பக்க மரைகளைப் பாருங்கள். குழாயில் குமிழி ஓடினால் அங்கே காற்று புகுகிறது, டெஃப்லான் டேப் சுற்றினால் சரியாகிவிடும். ஹாப்ஸ் பெல்லட் (பொடித்து அழுத்திய ஹாப்ஸ்) போடுபவர்கள் அடுப்பை அணைத்ததும் வட்டமாகக் கலக்கி, 15–20 நிமிடம் விடுங்கள். கசடு நடுவில் குவியும், ஓரத்திலிருந்து எடுக்கலாம்.

பணம் கேட்டபோது, பயன்படுத்திய பொருள், திரும்ப வாங்க மாட்டோம் என்று மெயில் வந்தது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், எரித்த குழாயின் படம், பிரித்த வால்வின் படம் மூன்றையும் வைத்து கிரெடிட் கார்டு கம்பெனியில் புகார் கொடுத்தேன். சொன்ன பொருள் வராவிட்டால், பில் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க இங்கே சட்டம் இருக்கிறது. செட்டின் காசு திரும்பி வந்தது. நீங்கள் வாங்குவதாக இருந்தால் விளம்பரப் பக்கத்தை அன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். என் புகாருக்கு அப்புறம் அந்தக் கடை தன் பக்கத்தில் "மூன்று பாகம்" என்பதை மட்டும் எடுத்துவிட்டது. "சிலிகான்" இன்னும் அப்படியே இருக்கிறது.