கரிசலில் ஓட்டாதவர்களுக்கு எம்.டி டயர் எதற்கு?

மஹிந்திரா தார் ஜீப் வாங்கிய கையோடு எல்லோரும் கேட்பது "எம்.டி டயர் போட்டுடலாமா?" என்றுதான். எம்.டி என்றால் மட் டெரெய்ன், சேற்றுக்கென்றே செய்த டயர். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டுக்குள் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் மண் கரிசலாக இல்லாவிட்டால் பெரும்பாலும் வேண்டாம். பிஎஃப் குட்ரிச் கேஎம்3, மேக்ஸிஸ் பிக்ஹார்ன், யோகோஹாமா ஜியோலேண்டர் எம்.டி என்று கடையில் நாலு பெயர் சொல்வார்கள். இங்கே நான் பேசுவது எந்தக் கம்பெனியைப் பற்றியும் இல்லை, எம்.டி என்ற வகையைப் பற்றி. நல்லதோ கெட்டதோ, கொஞ்சம் முன்னே பின்னே எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

செம்மண் சேற்றில் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கரிசலைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். செம்மண் வழுக்கும், அப்புறம் கழன்று விழுந்துவிடும். கரிசல் விழாது. ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்ததும் மேலே நாலு விரற்கடை ஆழத்துக்குக் குழம்பாகிவிடும், அதற்குக் கீழே தரை இன்னும் கெட்டியாகவே இருக்கும். கம்பெனியில் போட்டுத் தருகிற ஏ.டி (ஆல் டெரெய்ன், எல்லா ரோட்டுக்குமான) டயரில் பட்டன்களுக்கு, அதாவது தரையில் படுகிற ரப்பர் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி குறைவு என்பதால் சக்கரம் ரெண்டு சுற்று சுற்றுவதற்குள் அந்த இடம் முழுக்க அப்பிக்கொண்டு, நேற்று வாங்கிய டயர்கூட மொட்டை டயர் ஆகிவிடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலும் வண்டி நேராகவே போகும். ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, கூடுதல் இழுவையோடு சுற்றுகிற கியர்) போட்டாலும் நாலு மொட்டை டயர் சுற்றும், அவ்வளவுதான்.

எம்.டி காசுக்கு வேலை செய்கிற இடம் இதுதான். பட்டன் பெரிது, நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குச் சந்து, ஓரத்தில் சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) வரைக்கும் இறங்குகிற கட்டைகள். டிராக்டர் போன தடத்துக்குள் மாட்டிக்கொண்டால் தடத்தின் சுவரைப் பிடித்து ஏறுவது அந்த ஓரக் கட்டைகள்தான். ஆனால் டயர் தானாகச் சேற்றை உதறிவிடும் என்று நினைத்து முதல் கியரில் நத்தை மாதிரி உருட்டினால் எம்.டியும் அடைத்துக்கொள்ளும். லோ ரேஞ்சில் இரண்டாவது கியர் போட்டு, ஆக்சிலேட்டரை விடாமல், சக்கரத்தைக் கொஞ்சம் வேகமாகச் சுற்ற விட வேண்டும். அப்போது வீல் ஆர்ச்சுக்குள் தட் தட்டென்று மண்கட்டி அடிக்கும், பானெட் மேலே வந்து விழும், கண்ணாடியில் அப்பும். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் கவலை இல்லை. சத்தம் நின்றுவிட்டால் சந்து அடைத்துவிட்டது என்று அர்த்தம், அடுத்த பத்தடியில் நிற்கப் போகிறீர்கள்.

இன்னொரு லாபம், யாரும் விளம்பரத்தில் சொல்லாதது: சீமைக் கருவேல முள். எங்கள் பக்கம் வண்டிப்பாதை என்றால் இரண்டு புறமும் அதுதான். வெட்டிப் போட்ட கிளை சேற்றுக்குள் மறைந்து கிடக்கும். எம்.டியின் தடித்த பட்டனில் முள் ஏறினாலும் பாதியிலேயே ஒடிந்து நின்றுவிடுகிறது, காற்று இறங்குவதில்லை. சைடுவாலும் கனம். சைடுவாலில் குத்தினால் பஞ்சர் ஒட்டி நம்பி ஓட்ட முடியாது, டயரே போச்சு என்பதால் வாங்கும்போது சைடுவால் எத்தனை பிளை (உள்ளே இருக்கிற நூல் அடுக்கு) என்று கேளுங்கள், மூன்று பிளை இருந்தால் நல்லது. காற்றைக் குறைத்து ஓட்டும்போது சைடுவால் வெளியே பிதுங்கி முள்ளுக்கு முகம் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சைஸ் விஷயத்தில்தான் பலர் காசைத் தொலைக்கிறார்கள். அகலமாகப் போட்டால் கம்பீரமாக இருக்கும், சரி. ஆனால் மேலே குழம்பு, கீழே கெட்டித்தரை என்கிற கரிசலுக்கு ஒல்லி டயர்தான் குழம்பை வெட்டிக்கொண்டு கீழே போய்ப் பிடிக்கும். அகல டயர் மேலேயே மிதந்து வழுக்கும். 16 இஞ்ச் ரிம் வருகிற தாருக்குக் கம்பெனி சைஸ் 245/75 ஆர்16 (அகலம் 245 மில்லிமீட்டர், ரப்பர் உயரம் அதில் 75 சதவீதம்), அதே சைஸில் எம்.டி கிடைத்தால் அதையே போடுங்கள். 265/75க்குப் போனால் விட்டம் 774 மில்லிமீட்டரிலிருந்து 804 ஆகும். ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 104ல் போய்க்கொண்டிருப்பீர்கள், இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். 18 இஞ்ச் அலாய் வீல் வைத்திருப்பவர்கள் 255/65லேயே எம்.டி தேடாமல் 16 இஞ்ச் ரிம்முக்கு இறங்குவது உத்தமம், ரப்பர் உயரம் கூடினால்தான் காற்றைக் குறைத்து ஓட்ட வசதி.

இனி தார் ரோடு. நாலுவழிச் சாலையில் மதுரை வரைக்கும் போய்ப் பாருங்கள், 60க்கு மேல் ஆரம்பிக்கும், 80ல் பக்கத்துத் தெரு மாவு மில்லை வண்டிக்குள் தூக்கி வைத்த மாதிரி ஒரே இரைச்சல், டயர் தேயத் தேய இன்னும் கூடும். மைலேஜ் குறையும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், மழையில் பிரேக் பிடிப்பதைப் பொறுக்க முடியாது. பெரிய பட்டனில் நுணுக்கமான வெட்டுகள் குறைவு, தரையில் படுகிற ரப்பரும் குறைவு என்பதால் ஈரமான தார் ரோட்டில் வண்டி நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் நிற்காது. முன்னால் போகிற பஸ்ஸுக்கு வழக்கத்தைவிட நிறைய இடம் விடுங்கள்.

உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலுக்கும் (செம்மணல் மேடு) எம்.டி தோதில்லை. பட்டன் மணலைப் பிடிப்பதற்குப் பதில் பள்ளம் தோண்டும். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐக்கு இறக்கி, நிதானமாக மிதிக்க வேண்டும். எஸ்டேட் பாதை, ஜல்லி ரோடு, ஆற்றுக்குள் இறங்கி ஏறுவது எல்லாவற்றுக்கும் நல்ல ஏ.டி போதும்.

வாங்குகிற கதை தனி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அரக்கோணம் என்று சென்னையைச் சுற்றி இத்தனை டயர் ஃபேக்டரி இருந்தும் எம்.டி என்றால் பெரும்பாலும் வெளிநாட்டு பிராண்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது வேறு. அதனால் கிடைத்ததைத் தலையில் கட்டுகிற கடைகள் உண்டு. நான் போன ஒரு கடையில் "புது ஸ்டாக் சார்" என்று உருட்டிக்கொண்டு வந்த டயரின் சைடுவாலில் டார்ச் அடித்துப் பார்த்தால் 3819, அதாவது 2019ஆம் வருடத்தின் 38வது வாரம். பக்கத்தில் இருந்த டயரில் வேறு வருடம். "ஓடுறதுக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்றார் கடைக்காரர், விலையில் மட்டும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அந்த நாலு இலக்கத்தை ஒவ்வொரு டயரிலும் நீங்களே குனிந்து பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. ஐந்தும் ஒரே சைஸாக இருக்க வேண்டும். பின்கதவில் தொங்குகிற ஸ்டெப்னி கனம் கூடுவதால் கதவின் கீல், போல்ட் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து டயருக்கு ஆகிற செலவில் ஒரு நல்ல பைக்கே வாங்கிவிடலாம், அதனால் வருடம் பூராவும் தார் ரோட்டில் தேய்க்க எனக்கு மனசு வரவில்லை. பழைய ஏ.டியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் ரிம்மோடு வைத்துக்கொண்டேன். ஐப்பசி பிறந்ததும் எம்.டி ஏறும், தை கடைசியில் இறங்கும். இறக்கியதும் பட்டன் சந்தில் காய்ந்த கரிசலை ஒரு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுத்துவிட்டு, வெயில் படாத இடத்தில் அடுக்க வேண்டும். தண்ணீர் அடித்தெல்லாம் அது போகாது.