மூடிய வளர்ப்பு அறைக்கு கார்பன் டை ஆக்சைடு செட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

லெட்டூஸ் வளர்க்கும் மூடிய அறைகளுக்கு ஒரு செட் விற்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு விடும் என்று தொங்கவிடத் தரும் காளான் பைகள், அந்த வாயுவை அளக்கும் கையளவு மீட்டர், சிலிண்டர், ரெகுலேட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன். எங்கள் 50 கன மீட்டர் அறைக்கும் அதைத்தான் மாட்டிக் கொடுத்தார்கள். எடைபோட்டு, கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏமாற்று. வாயு கூட்டினால் பலன் உண்டு என்பது பொய்யல்ல. வெளிக்காற்றில் இருக்கும் 420 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 420 பங்கு) 800 முதல் 1000 வரை ஏற்றினால், வெளிச்சம் போதுமான அளவு இருக்கும் அறையில் செடி வேகமெடுக்கும். விற்பவர்கள் கொடுக்கும் பொருள் அந்த அளவை எட்டாது, அதுதான் விஷயம்.

முதலில் டெமோ. பையைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, எல்லோரையும் உள்ளேயே நிற்கவைத்துப் பேசுவார்கள். அரை மணி நேரத்தில் மீட்டர் 420-லிருந்து ஆயிரத்தைத் தாண்டும். ஏற்றுவது பை அல்ல, நிற்பவர்களின் மூச்சு. ஓர் ஆள் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். நான்கு பேர் என்றால் 50 கன மீட்டர் அறையில் அரை மணிக்கு 700 பிபிஎம் ஏறும். எல்லோரும் வெளியே வந்து, வெளியிலிருந்தே அளவைப் பார்க்கும்படி மீட்டரை வைக்கச் சொல்லுங்கள்.

பையின் கணக்கு இது. இரண்டு கிலோ ஈரப் பையில் காய்ந்த பொருள் சுமார் 800 கிராம். ஆறு மாதத்தில் அதில் கால்வாசி மக்கினால், காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து மொத்தம் 320 கிராம் வாயு, அதாவது நாளைக்கு இரண்டு கிராம்கூட இல்லை. ஓரளவு நன்றாக அடைத்த அறைக்கே, கசிவும் செடி உறிஞ்சுவதும் சேர்த்து, 16 மணி நேர வெளிச்சத்துக்கு ஒரு கிலோவை ஒட்டித் தேவைப்படும்.

மீட்டரில் இரண்டு வகை. அகச்சிவப்பு ஒளியால் வாயுவையே அளப்பது என்டிஐஆர். மலிவு மீட்டர் பலவற்றில் இருப்பது வேறு சென்சார்: காற்றில் உள்ள ஆவிகளை மோப்பம் பிடித்து கார்பன் டை ஆக்சைடை உத்தேசமாகச் சொல்லும். கை கழுவும் சானிடைசரை நாலு சொட்டு பஞ்சில் விட்டுப் பக்கத்தில் காட்டுங்கள். எண் தாவினால் அது இரண்டாவது வகை, அதை வைத்து சிலிண்டர் வாயுவின் வால்வைத் திறந்து மூடவே கூடாது. என்டிஐஆரிலும் தானாக அளவு திருத்திக்கொள்ளும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். தான் பார்த்த மிகக் குறைந்த அளவை அது வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும். அறை எப்போதும் 800-க்கு மேலேயே இருந்தால், நாளடைவில் 800-ஐ 400 என்று காட்டி, வால்வைத் திறந்துகொண்டே இருக்கும்.

சிலிண்டரில் நடக்கும் திருட்டு கண்ணுக்கே தெரியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை கேஜ் (அழுத்தம் காட்டும் முள் கருவி) வெப்பநிலைக்கான அழுத்தத்தைத்தான் காட்டும். 25 டிகிரியில் சுமார் 64 பார் (அழுத்தத்தின் அலகு). 30 கிலோ நிரம்பியிருந்தாலும் 12 கிலோதான் இருந்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும். "கேஜைப் பாருங்கள், ஃபுல்" என்ற பேச்சுக்கு மதிப்பே இல்லை. காலி எடை சிலிண்டரின் மேல்தோளில் பொறித்திருக்கும். வண்டியிலிருந்து இறக்கியதும் தராசில் ஏற்றி, அதைக் கழித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். உள்ளே அடிவரை குழாய் இறங்கும் சிலிண்டர் வேண்டாம், அது திரவத்தையே வெளியே தள்ளி ரெகுலேட்டரையும், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வையும் உறையவைக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேனும் வாயுவும் ஒரே செட்டில் வருவது சுத்த அபத்தம். காசு கொடுத்து ஏற்றிய வாயுவை ஃபேன் வெளியே தள்ளிவிடும். இதற்கு வேண்டியது ஸ்ப்ளிட் ஏசியும் ஈரம் இழுக்கும் கருவியும். அறை எவ்வளவு கசிகிறது என்று நீங்களே அளக்கலாம். விளக்கை அணைத்து, 1500-க்கு ஏற்றி, வால்வை மூடி, யாரும் உள்ளே இல்லாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். 1075-ல் நின்றால் மணிக்கு அரை அறைக் காற்று மாறுகிறது, சமாளிக்கலாம். 450-ஐத் தொட்டுவிட்டால் கதவு விளிம்பையும் குழாய்த் துளைகளையும் அடைக்காமல் சிலிண்டர் வாங்குவது வீண்.

எங்களுக்குத் தாங்க முடியாத கோபம் வந்தது இந்த இடத்தில்தான்: சிலிண்டரை அறைக்குள்ளேயே, சங்கிலி இல்லாமல் நிறுத்தியிருந்தார்கள், அலாரமும் கிடையாது. 30 கிலோவும் கசிந்தால் 16 கன மீட்டருக்கு மேல் வாயு, அறையில் மூன்றில் ஒரு பங்கு. பத்து சதவீதமே சில நிமிடத்தில் ஆளை மயக்கிக் கீழே தள்ளும். வாடை கிடையாது, காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தரையில் தேங்கும். சிலிண்டரை வெளியே, நிழலில், சங்கிலி போட்டு வையுங்கள். உள்ளே தனி சென்சார் ஒன்று 5000 பிபிஎம்மில் அலாரம் அடித்து வால்வை மூட வேண்டும். அதன் எண் கதவுக்கு வெளியே தெரிய வேண்டும். யாராவது விழுந்து கிடந்தால் பதறி உள்ளே ஓடாதீர்கள்; முதலில் கதவைத் திறந்து காற்று விடுங்கள்.

எல்பிஜி எரிக்கும் கருவியை மாற்றாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். ஒரு கிலோ எரிந்தால் மூன்று கிலோ வாயுவோடு ஒன்றரை கிலோ நீராவியும் பெருஞ்சூடும் வரும். சரியாக எரியாவிட்டால் ஆளுக்கு நஞ்சான கார்பன் மோனாக்சைடும் செடிக்குக் கேடான எத்திலீன் வாயுவும் சேரும்.

பில்லில் "என்டிஐஆர் சென்சார்", "நிகர எடை இத்தனை கிலோ" என்று எழுதி வாங்குங்கள். தொழிலுக்காக வாங்கிய பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நிறுவனப் பெயரில் வாங்குகிறவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்க அந்த எழுத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.