பைக்குக்குக் கூடுதல் ஒலி தரும் ஹாரன்: டிஸ்க் ஜோடியா, விண்ட்டோனா, ஏர் ஹாரனா?

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஜிஎஸ்டி சாலையில் அன்றாடம் 150 சிசி பைக் ஓட்டுகிறவன் என்ற முறையில், வண்டியோடு வரும் ஒற்றை ஹாரன் அந்தச் சாலைக்குப் போதாது என்று தயக்கமின்றிச் சொல்வேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியையும் பாட்டையும் போட்டுக்கொண்டு செல்லும் காருக்குள்ளும், டிப்பர் லாரியின் கேபினுக்குள்ளும் அந்தச் சத்தம் எட்டுவதில்லை. நிறுத்தத்தைக் கண்டதும் இடப்பக்கம் ஒதுங்கும் பேருந்தின் ஓட்டுநருக்கு, பக்கத்தில் ஒரு பைக் வருவதே தெரியாமல் போகிறது. இதற்குத் தீர்வாக வட்டத் தட்டு வடிவிலான டிஸ்க் ஹாரன் ஜோடி, நத்தைக்கூடு வடிவிலான விண்ட்டோன் ஜோடி, காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸருடன் கூடிய சிறிய ஏர் ஹாரன் என மூன்று வகைகள் கிடைக்கின்றன. நான் பொருத்திக்கொண்டது டிஸ்க் ஜோடி. அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒலியின் அளவைவிடப் பராமரிப்பே முதன்மையான காரணம்.

எதையும் வாங்குவதற்கு முன், இருக்கும் ஹாரனுக்கு முழு மின்சாரம் போய்ச் சேருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஹாரனை அழுத்திப் பிடித்தபடி அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால், பேட்டரியில் காட்டும் வோல்ட்டேஜைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் என்று குறைந்தால், பச்சை பூத்த டெர்மினலோ கைப்பிடி ஸ்விட்சின் தேய்ந்த பாயிண்ட்டோதான் (மின்சாரம் கடக்கும் தொடுமுனை) பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஹாரனின் பின்புறமுள்ள சிறிய திருகைக் கால் சுற்று திருப்பினாலே அடைத்த ஒலி தெளிவாகிவிடும் வண்டிகளும் உண்டு. இவற்றைச் சரிசெய்த பிறகும் போதவில்லை என்றால்தான் செலவு செய்வதில் பொருள் இருக்கிறது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் டெசிபல் எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். எவ்வளவு தூரத்தில் அளந்த எண் அது என்பதுதான் முக்கியம். தூரம் இரு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்ற கணக்கின்படி, 10 சென்டிமீட்டரில் அளந்த எண், 2 மீட்டரில் அளந்ததைவிடச் சுமார் 26 டெசிபல் கூடுதலாக இருக்கும். ஆகவே 139 என்று மிரட்டும் பெட்டியும் 113 என்று அடக்கமாகச் சொல்லும் பெட்டியும் ஒரே திறனுள்ள ஹாரனையே கொண்டிருக்கலாம். அதேபோல, ஒரே அளவு ஒலிக்கும் இரண்டு ஹாரன்களைச் சேர்த்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஜோடியாகப் போடுவதன் உண்மையான பயன், இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலிப்பதில் இருக்கிறது. ஒன்று 400 ஹெர்ட்ஸ், மற்றொன்று 500 ஹெர்ட்ஸ் என்ற அளவை ஒட்டி அமையும்போது, இரண்டுக்கும் நான்குக்கு ஐந்து என்ற விகிதம் வருகிறது. கர்நாடக இசையில் சட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள விகிதமும் இதுவே. காதைக் குத்தாமல், அதே சமயம் போக்குவரத்து இரைச்சலிலிருந்து பிரிந்து கேட்கும் அந்தச் சேர்க்கையைக் கார் ஓட்டுநர்கள் இன்னொரு காரின் ஹாரனாக எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஏர் ஹாரனை நான் பொருத்தியதில்லை. நண்பர் ஒருவரின் வண்டியில் பார்த்ததோடும் கேட்டதோடும் சரி. ஆனாலும் நம் சாலைக்கும் சிறிய வண்டிக்கும் அது வேண்டாம் என்பதே என் கருத்து. அதன் கம்ப்ரஸர் இயங்க 18 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் வேண்டும், அதைச் செங்குத்தாக நிறுத்திப் பொருத்த இடமும் வேண்டும். இவை இரண்டையும்விடச் சட்டச் சிக்கல் பெரிது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 119ஆம் விதி, அடுத்தடுத்து வெவ்வேறு சுரங்களை எழுப்பும் ஹாரன்களையும், கடுமையாகவோ கீச்சென்றோ அளவுக்கு மீறியோ அச்சுறுத்தும் விதமாகவோ ஒலிக்கும் கருவிகளையும் தடை செய்கிறது. பேருந்துகளில் ஏர் ஹாரன்களைக் கழற்றிப் பறிமுதல் செய்யும் சோதனைகளை நாம் அடிக்கடி பார்க்கிறோம். பைக்குக்கு மட்டும் சலுகை கிடையாது. பேருந்து நிழற்குடையில் குழந்தையோடு நிற்பவரின் காதருகே அந்த ஒலி வெடிப்பதை நான் கேட்டிருக்கிறேன். நம் பாதுகாப்புக்காக இன்னொருவரை அப்படித் திடுக்கிட வைக்கும் உரிமை நமக்கு இல்லை.

ஆக, உண்மையான போட்டி டிஸ்க்குக்கும் விண்ட்டோனுக்கும் இடையில்தான். கோயம்புத்தூரின் ரூட்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் இரண்டு வகையையும் தயாரிப்பதால், கிடைப்பதில் சிரமம் இல்லை. இரண்டிலும் மின்காந்தம் ஓர் உலோகச் சவ்வை இழுத்து விடுவதும், அந்த அசைவிலேயே பாயிண்ட் பிரிந்து சேர்வதும்தான் அடிப்படை. டிஸ்க் ஹாரனில் அந்தச் சவ்வோடு இணைந்த தட்டு அதிர்ந்து ஒலியை நேரே முன்னால் தள்ளுகிறது. விண்ட்டோனில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஒரு குழலுக்குள் இருக்கும் காற்று அதிர்ந்து, அதன் வாய் வழியாக ஒலி வெளிவருகிறது. இனிமையில் விண்ட்டோன் ஒரு படி மேல் என்பதை மறுக்க மாட்டேன். டிஸ்க்கின் ஒலியில் சற்றே உலோகத்தனமான கூர்மை உண்டு.

ஆனால் விண்ட்டோனுக்கு ஒலிநயத்தைத் தரும் அந்தத் திறந்த வாய்தான் மோட்டார் சைக்கிளில் அதன் பலவீனமும் ஆகிறது. காரில் அது கிரில்லுக்குப் பின்னால், பானட்டின் அடியில் பத்திரமாக இருக்கிறது. பைக்கிலோ முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கு அருகில், முன்சக்கரம் வாரியடிக்கும் சேற்றின் பாதையிலேயே நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முடிச்சூர் பக்கம் தேங்கும் நீரில் வண்டியை ஓட்டியவர்களுக்கு, முன்சக்கரம் எவ்வளவு தண்ணீரை மேலே தூக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. வாய் கீழ்நோக்கி இருந்தால் உள்ளே போன நீர் வடிந்துவிடும் என்பது உண்மையே. அதற்காகத்தான் தயாரிப்பாளர்களும் அப்படிப் பொருத்தச் சொல்கிறார்கள். ஆனால் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும், சக்கரத்தை விட்டு விலகியும் இருக்க வேண்டும் என்றால், 150 சிசி வண்டியில் அப்படி ஓர் இடம் அரிதாகவே கிடைக்கிறது. சற்றே சாய்த்து வைத்தாலும் சுருளின் வளைவில் நீர் நின்று, தொண்டை கட்டிய குரலில் ஒலிக்கும்; அந்த நீரோடு வரும் மண், வெயிலில் காய்ந்து சவ்வின் மேல் படியும். மழையைவிட வாட்டர் சர்வீஸ் இன்னும் மோசம், ஏனென்றால் அழுத்தத்தோடு பீய்ச்சும் நீர் அந்த வாய்க்குள் நேராகப் புகுந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அதைத் துணியால் மூடச் சொல்லி, அருகிலேயே நின்று பார்த்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

டிஸ்க் ஹாரனின் விளிம்பு சுற்றிலும் மடித்து அழுத்தப்பட்டிருப்பதால், நீர் உள்ளே போக எளிதான வழி இல்லை. முன்புறத் தட்டில் ஒட்டும் சேற்றை ஒரு குவளைத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு எடுத்துவிடலாம். துரு பிடிக்கத்தான் செய்யும், குறிப்பாகக் கடற்கரை ஓரம் வண்டியை நிறுத்துபவர்களுக்கு. ஆனால் அது மேற்பரப்பில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியும். பருவமழைக்கு முன் டெர்மினல்களைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவி மாட்டுவது மட்டுமே நான் செய்யும் பராமரிப்பு. கெட்டுப்போனாலும் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் அது கிடைக்கும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, டிஸ்க் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 ஆம்பியரும் விண்ட்டோன் ஒன்றுக்கு 5 ஆம்பியரோ சற்றுக் கூடவோ தேவைப்படும். ஓரிரு நொடி அழுத்துவதால் பேட்டரி தீர்ந்துவிடாது. பாதிக்கப்படுவது மெல்லிய ஒயரும், அந்த அளவு மின்சாரத்துக்காகச் செய்யப்படாத கைப்பிடி ஸ்விட்சும்தான். எனவே இரண்டில் எதைப் போட்டாலும், ஸ்விட்சின் சிறு மின்சாரத்தைக் கொண்டு பேட்டரியின் பெரிய மின்சாரத்தைத் திறந்து விடும் ரிலே கட்டாயம் வேண்டும். பழைய ஹாரனுக்குப் போன இரண்டு ஒயர்களும் ரிலேயின் 85, 86 முனைகளுக்குப் போக வேண்டும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக ஒரு தடித்த ஒயர் 30ஆம் முனைக்கு வர வேண்டும். 87ஆம் முனையிலிருந்து ஹாரன்களுக்கும், அங்கிருந்து நல்ல எர்த்துக்கும் இணைப்பு போக வேண்டும். ஃப்யூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருப்பது முக்கியம், இல்லையேல் வழியில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். ‘ரிலே இல்லாமலே ஓடும் சார்’ என்று சொல்லும் கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள். ஓடும், ஆனால் ஸ்விட்ச் பாயிண்ட் கருகும் வரைதான்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிஸ்க் ஹாரனோடு வரும் மெல்லிய பட்டைகள் அடுக்கிய பிராக்கெட்டை எறிந்துவிட்டுத் தடித்த இரும்புக் கிளாம்பில் இறுக்கிவிடுகிறார்கள் சில மெக்கானிக்குகள். அந்தப் பட்டை வளைந்து கொடுத்தால்தான் ஹாரன் முழுக் குரலில் ஒலிக்கும். பொருத்திய பின் கைப்பிடியை இரு பக்கமும் கடைசி வரை திருப்பியும், முன் சஸ்பென்ஷனை அழுத்தியும், எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வயரிங்கை வெட்டாமல், பழைய கப்ளரிலேயே (ஒயர்களை இணைக்கும் செருகியிலேயே) செருகும்படி முனைகளைச் செய்துகொண்டால், வாரண்டி பற்றிய வாக்குவாதத்துக்கு இடமிருக்காது. விற்கும் நேரத்தில் பழைய ஹாரனை மாட்டிக் கொடுத்துவிட்டு, ஜோடியை அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகவும் முடியும். விண்ட்டோனின் பருமனுக்காக வெட்டிய பிராக்கெட்டும் நகர்த்திய பாகங்களும் உள்ள வண்டியில் இது அவ்வளவு எளிதல்ல.

முன்புறத்தை மூடும் முழு ஃபேரிங் உள்ள, நெடும்பயணத்துக்கான பெரிய டூரிங் வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் முடிவு பொருந்தாமல் போகலாம். அவற்றில் சேறு எட்டாத மறைவான இடம் இருப்பதால், விண்ட்டோனை வாய் கீழ்நோக்கி வைக்க முடியும் என்றே தோன்றுகிறது. அத்தகைய வண்டியை நான் நீண்ட காலம் ஓட்டியதில்லை. முன்புறம் திறந்தே இருக்கும் சாதாரண பைக்குக்கு, ரிலேயுடன் டிஸ்க் ஜோடியையே பரிந்துரைப்பேன்.