பழைய பென்ட்லி ஜிடி வாங்குவதா? சூடாக நிற்கும் காரைப் பார்க்காதீர்கள்

கோலாலம்பூரில் ஒரு செகண்ட்ஹேண்ட் ஷோரூம். 2006 பென்ட்லி கான்டினென்டல் ஜிடி, டபிள்யூ12 என்ற 12 சிலிண்டர் என்ஜின், இங்கிலாந்தில் ஓடிப் பிறகு இங்கே ரீகாண்டாக இறக்குமதியானது. செந்தூல்காரர் ஒருவர் மாலை நான்கு மணிக்குப் பார்க்கப் போனார். கார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "உள்ள குளிரட்டும்னு ஏர்கான் போட்டு வச்சோம் அண்ணே" என்றார் சேல்ஸ்மேன். மீட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை. வாங்கிவிட்டார். மூன்றாம் நாள் காலையில் முன்பக்க இடது மூலை டயர்மேல் படிந்து உட்கார்ந்திருந்தது. அந்த வாரமே என்ஜின் விளக்கும் எரிந்தது. போன் போட்டால் ஒரே பதில்தான்: "பேட்டரி வீக் அண்ணே."

ஏர்கான் போட்டு வைத்தது உபசாரத்துக்கு இல்லை. இந்தக் காரின் நோய் பாதிக்கு மேல் ராத்திரி நின்ற பிறகுதான் தெரியும்.

ஏர் சஸ்பென்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள், காரைத் தாங்குவது காற்றடைத்த ரப்பர் பைகள்தான். ரப்பர் பை வயதாகி மயிரிழை வெடிப்பு விட்டால் காற்று மெதுவாக இறங்கும். என்ஜின் ஓடும்போது கம்ப்ரஸர் திரும்ப நிரப்பிவிடுவதால் ஓடுகிற காரில் குறை தெரியவே தெரியாது. கசிவை அப்படியே விட்டால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடிக் கருகிப்போகும். பிறகு இரண்டையும் மாற்ற வேண்டும். ஷோரூம் மூடும் நேரத்துக்குப் போய், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். மறுநாள் யாரும் சாவி போடும் முன் திரும்ப அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. பானெட்டைத் தொட்டால் சுடுகிறதா? உங்களுக்கு முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள், அன்றைக்குத் திரும்பி வந்துவிடலாம்.

என்ஜின் விளக்கு எரியாததற்கும் காரணம் இருந்தது. வாங்கி 140 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஸ்கேனரில் பார்த்தபோது, கம்ப்யூட்டரில் பதிந்த பிழைக் குறியீட்டை, அதாவது எரர் கோடை, அழித்தபின் ஓடிய தூரம் 151 என்று காட்டியது. கைமாறுவதற்கு 11 கிலோமீட்டர் முன்னால் யாரோ அழித்திருக்கிறார்கள். அந்தத் தூரம் வராத ஸ்கேனர் என்றால் கார் தன்னைத்தானே சோதித்த முடிவுகளைக் காட்டும் ரெடினஸ் மானிட்டர் பக்கத்தைத் திறங்கள். எரர் கோடு அழித்ததும் அவையெல்லாம் 'முடியவில்லை' என்று மாறும், திரும்ப முடிய பல ஓட்டங்கள் வேண்டும். வாங்கும் முன் இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

உண்மையில் போயிருந்தது வெக்கூம் ஹோஸ்கள், என்ஜினின் உறிஞ்சு காற்று போகும் மெல்லிய ரப்பர் குழாய்கள். இன்டேக்குக்கு அடியிலும் டர்போ பக்கத்திலும் வெந்து வெந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கியிருந்தன. ஹோஸ் விலை அற்பம், லேபர்தான் ஆளைக் கொல்லும். டபிள்யூ12 அந்த இடத்துக்குள் அடைத்து வைத்த என்ஜின். டர்போ பக்கம் கை வைக்க என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து கீழே இறங்க வேண்டும். ஒருமுறை இறக்கினால் வெக்கூம் ஹோஸ் முழுவதும், கூலன்ட் ஹோஸ், டர்போ ஆயில் பைப், என்ஜின் மவுன்ட், 12 பிளக் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இந்தக் கார் ஃபோக்ஸ்வாகன் ஃபேட்டனோடு ஒரே பிளாட்பாரம். பென்ட்லி பார்ட் எண் 3டபிள்யூ என்று தொடங்கும், ஃபேட்டனுடையது 3டி. சில பாகங்கள் இரண்டுக்கும் பொது. ஆர்டர் கொடுக்கும் முன் எண்ணைத் தேடினால் பணம் மிஞ்சும்.

'பேட்டரி வீக்' முழுப் பொய்யும் இல்லை. பூட்டில் இரண்டு பேட்டரி உண்டு, ஒன்று ஸ்டார்ட்டுக்கு, மற்றது மீதி எல்லாவற்றுக்கும். அந்த இரண்டாவது தளர்ந்தால் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் வரும். அதனால்தான் இந்தச் சாக்கு எடுபடுகிறது. இரண்டையும் லோட் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பிறகு முன் கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அங்சானா மரத்தடியில் நிறுத்திய கார்களில் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் இலை அடைத்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். கம்பளத்துக்கு அடியில்தான் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் பெட்டி இருக்கிறது.

கியர்பாக்ஸ் இசட்.எஃப் ஆறு கியர். 'லைஃப்டைம் ஆயில்' என்று சொன்னால் நம்பாதீர்கள். தயாரித்தவர்களே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறார்கள். ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றச் சொல்லுங்கள். ஆயில் அளவு பார்ப்பது என்ஜின் ஓடும்போது, அதன் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கையில். நம் ஊர் வெயிலில் மத்தியானம் ஓட்டி வந்த காரில் அது நடக்காது. காலையிலேயே பட்டறையில் விட்டுவிடுங்கள்.

மீட்டரை நம்ப வேண்டாம், பேப்பரைக் கேளுங்கள். பழைய பிரிட்டிஷ் பதிவு எண் கிடைத்தால், அந்நாட்டு அரசின் எம்ஓடி, அதாவது வருடாந்திர வாகனச் சோதனை, வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு சோதனையிலும் பதிந்த மைலை இலவசமாகப் பார்க்கலாம். வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமில் பாஸ் என்று பேப்பரை ஆட்டுவார்கள். அது சேசிஸ் எண், பிரேக், புகை மாதிரி விஷயங்களுக்கு. டர்போவும் வெக்கூமும் அவர்கள் வேலை இல்லை.

சாலை வரியையும் கணக்கில் வையுங்கள். தீபகற்ப மலேசியாவில் 3,000 சிசிக்கு மேல் 2,130 ரிங்கிட், கூடுதல் ஒவ்வொரு சிசிக்கும் 4.50. 5,998 சிசிக்கு வருடம் 15,621 ரிங்கிட். 2012இல் வந்த வி8 மாடல் 3,993 சிசி, 6,598.50தான் வரும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வி8 வாங்குவதே புத்தி.

ஷோரூம் கொடுத்த ஓராண்டு வாரன்டியில் 'என்ஜின், கியர்பாக்ஸ்' என்று இருந்தது. உள்ளே படித்தால் டர்போ, ஹோஸ், ஏர் சஸ்பென்ஷன், எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை, ஒவ்வொரு கிளெய்முக்கும் உச்சவரம்பு வேறு. கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாங்குங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள், கட்டணம் ஐந்து ரிங்கிட். ஸ்கேனர் பிரின்ட், டேப் அளவுப் படம், சேல்ஸ்மேனின் வாட்ஸ்அப், பட்டறைக் கொட்டேஷன் நான்கையும் தேதியோடு எடுத்துப் போங்கள். அதுவரை காரில் பதிந்த எரர் கோடுகளை யாரும் அழிக்கக் கூடாது.