அதிர்வது எது? ஹோர்ன்போஸ்டல்–சாக்ஸ் வகைப்பாட்டு அட்டவணை: ஒரு மதிப்புரை

எங்கள் இசைப்பள்ளியின் பழைய வாத்தியங்களுக்குப் பதிவேடு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்ததிலிருந்து, இசை ஆய்வாளர்கள் ஹோர்ன்போஸ்டலும் சாக்ஸும் 1914-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட இசைக்கருவி வகைப்பாட்டை, 2011-இல் இசைக்கருவி அருங்காட்சியகங்களின் கூட்டமைப்பு திருத்தித் தந்த வடிவில் பயன்படுத்தி வருகிறேன். அதை இணையத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

ஒலி பிறக்கும்போது அதிர்வது எது என்பதே இதன் முதற்கேள்வி. கருவியின் உடலே அதிர்ந்தால் 1, தோல் என்றால் 2, நரம்பு என்றால் 3, காற்று என்றால் 4. மின்னிசைக் கருவிகளுக்கான 5 பின்னாளில் சேர்ந்தது. நூலகத்தின் தசம எண்களைப் போல ஒவ்வோர் இலக்கமும் ஒரு படி உள்ளே அழைத்துச் செல்வதால், 422.112 என்ற எண்ணைப் பார்த்ததுமே சீவாளியும் கூம்பிய துளையும் கொண்ட நாகஸ்வரத்தின் இனம் தெரிந்துவிடுகிறது. முதல் நான்கு பிரிவுகளும் நாட்டிய சாத்திரத்திலேயே உள்ளவை. 1880-இல் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகப் பட்டியலில் அதன் காப்பாளர் மஹியோன் அவற்றைக் கையாண்டார், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வங்காளத்து இசை அறிஞர் சௌரீந்திர மோகன் தாகூர் பெல்ஜிய மன்னருக்கு இந்திய வாத்தியங்களை அனுப்பியிருந்தார்.

இந்த அட்டவணையின் அருமையை எனக்கு உணர்த்தியது வீணைதான். தஞ்சாவூர் வீணையின் தண்டிக்குக் கீழிருந்த சுரைக்காயைத் திருகிக் கழற்றினேன். பெரிய குடம் இருக்கும்வரை வீணைக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் குடத்தையோ கருவியைக் குலைக்காமல் பிரிக்க முடியாது. ஒலிப்பெட்டியைப் பிரிக்க முடியாத நரம்புக் கருவிகள் 32, பிரிக்கக்கூடியவை 31 என்பதால் அதன் எண் 321.321. வடநாட்டு ருத்ர வீணையில் சுரைக்குடுக்கைகள் இரண்டையும் அகற்றினாலும் நரம்புகளைத் தண்டே தாங்கி நிற்கும் என்பதால், அது 311.222-க்குப் போய்விடுகிறது. பெயர் ஒன்றாயிருந்தும் இனம் வேறு என்பதை, கருவியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க வைத்தே இந்த அட்டவணை கற்பிக்கிறது.

முழவுகளிடம் வரும்போதுதான் மனம் நிறைவதில்லை. உடுக்கையும் கேரளத்து இடைக்காவும் இடை சுருங்கிய இருமுகக் கருவிகள் என்பதால் இரண்டும் 211.242-இல் அடங்கிவிடுகின்றன; எந்தச் சந்நிதியில், எந்த வேளையில் ஒலிப்பவை என்பதற்கு அங்கே இடமில்லை. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் அகமுழவு, புறமுழவு, பண்ணமை முழவு, நாண்முழவு, காலை முழவு என்றெல்லாம் தோற்கருவிகளைப் பகுக்கும்போது, அவற்றின் தரத்தையும் பயனையும் பொழுதையும் கண்முன் கொண்டுவருகிறார். நேரம் அறிவிக்கும் நாழிகைப்பறைக்குத் தனி வகுப்பே கொடுத்திருக்கிறார்.

வாத்தியங்களைச் சேகரிப்போரும் பள்ளிகளும் தயங்காமல் இதைப் பயன்படுத்தலாம். கைப்பழக்கம் வர இரண்டு வாரமாகும். என் பதிவேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘வாசிக்கும் இடம், வேளை’ என்று இன்னொரு கட்டமும் போட்டிருக்கிறேன்.